அம்மாவுக்கு எட்டு நாளா காய்ச்சல், டெங்கு இல்ல, டைபாய்டு ஊசியும் கேக்கல - ஸ்கரப் டைபஸா (உண்ணிக் காய்ச்சல்) இருக்குமா?

போளூர்_பொண்ணு:
வணக்கம் எல்லாருக்கும். அம்மாவுக்கு 54 வயசு, ஊரு போளூர் பக்கத்துல ஒரு கிராமம், நான் ஓசூர்ல வேலையில இருக்கேன், அண்ணனும் அண்ணியும்தான் கூட இருந்து பாத்துக்கறாங்க. இன்னையோட எட்டு நாளா காய்ச்சல், 102, 103ன்னு ஏறுது, மாத்திரை போட்டா ரெண்டு மணி நேரம் இறங்குது, திரும்ப குளிர் எடுத்துக்கிட்டு வருது. தலைவலி தாங்க முடியலன்னு அழறாங்க, அம்மா சாமானியமா அழற ஆள் இல்ல. உடம்பு வலி, வாந்தி, ரெண்டு நாளா வறட்டு இருமலும் சேர்ந்திருக்கு.

மூணாவது நாள் டெங்கு டெஸ்ட் எடுத்தாங்க, நெகட்டிவ். மலேரியாவும் இல்ல. வைடால்னு ஒரு ரத்த டெஸ்ட் பாசிட்டிவ்னு சொல்லி டைபாய்டுக்கு செஃப்ட்ரையாக்சோன் ஊசி நாலு நாளா காலையும் சாயங்காலமும் போடறாங்க, காய்ச்சல் ஒரு டிகிரி கூட குறையல. பிளேட்லெட் முதல்ல 1,60,000 இருந்துச்சு, நேத்து 92,000. கல்லீரல் டெஸ்ட்ல எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடி ரெண்டுமே 150க்கு பக்கத்துல. அம்மாவுக்கு சுகரும் இருக்கு, மெட்ஃபார்மின் சாப்பிடறாங்க.

பக்கத்து தெருவுல ஒருத்தருக்கு ஸ்கரப் டைபஸ் வந்து ஐசியு வரைக்கும் போச்சாம், அதைக் கேட்டதுல இருந்து எனக்கு கை கால் ஓடல. அண்ணன் அந்த கிளினிக்ல கேட்டிருக்கார், "பூச்சி கடிச்சுதா"ன்னு அம்மாவைக் கேட்டாங்களாம், இல்லன்னு சொன்னதும் அப்ப அது இருக்காது, இன்னும் மூணு நாள் ஊசி போடலாம்னு சொல்லிட்டாங்களாம். ஆனா நாங்க ஆடு மாடு நாய் எதுவும் வளர்க்கல, அப்பவும் வருமா? போன மாசம் நூறு நாள் வேலையில ஏரிக்கரை முள்ளு புதரு வெட்டப் போனாங்க, அவ்வளவுதான். என்ன டெஸ்ட் எடுக்கணும், எங்க போகணும், தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

நைட்டியூட்டி_நர்ஸ்:
தங்கச்சி, பூச்சி கடிச்சுதான்னு கேக்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்லம்மா. கடிக்கறது கண்ணுக்கே தெரியாத சின்ன உண்ணியோட குஞ்சு, கடிக்கும்போது வலிக்காது, கடிச்சு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுதான் காய்ச்சலே வரும், அதுக்குள்ள யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது. ஆட்டு மேலயும் நாய் மேலயும் ஒட்டிக்கிட்டு இருக்குமே பெரிய உண்ணி, அது இல்ல இது. இது புதர்லயும் புல்லுலயும் எலி நடமாடற இடத்துலயும் இருக்கறது. ஏரிக்கரை புதர் வெட்டினாங்கன்னு சொன்னீங்களே, அந்த ஒரு விஷயத்தை முதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இப்பவே அண்ணிக்கு போன் போட்டு அம்மாவை ரூம்ல லைட் போட்டு உடம்பு முழுக்க பாக்கச் சொல்லுங்க. கடிச்ச இடத்துல பீடியால சுட்ட மாதிரி ஒரு கருப்பு பொருக்கு இருக்கும், சுத்தி லேசா சிவப்பு வளையம், வலியும் இருக்காது அரிப்பும் இருக்காது, அதனாலதான் நோயாளிக்கே தெரியாது. எங்க பாக்கணும்னா அக்குள், மார்புக்கு அடியில மடிப்பைத் தூக்கி, தொப்புள், பாவாடை நாடா கட்டற இடுப்பைச் சுத்தி, தொடை இடுக்கு, பின்பக்கம், முட்டிக்குப் பின்னாடி, காதுக்குப் பின்னாடி, தலைமுடி ஓரம். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், ஈரமா இருக்கற மடிப்புல கருப்பு பொருக்கு நிக்காது, மேல்தோல் உரிஞ்ச மாதிரி வெளிறிப்போன சின்ன புண்ணாத்தான் இருக்கும், வேர்க்குருன்னு விட்டுடுவாங்க. எங்க வார்டுல ஒரு பாட்டிம்மாவுக்கு அஞ்சு நாளா யாருக்கும் ஒண்ணும் பிடிபடல, துணி மாத்தும்போது மார்புக்கு அடியில பாத்தேன், ஒரு மொச்சைக்கொட்டை அளவுல இருந்துச்சு, அந்தப் பக்க அக்குள்ல நெறியும் கட்டியிருந்துச்சு. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு காட்டின அன்னைக்கே மருந்து மாறிடுச்சு.

பெண் நோயாளிங்கள வெளியில ஆண் டாக்டர்கிட்ட காட்டும்போது புடவையோட உக்கார வச்சு நாடி பாத்து அனுப்பிடறாங்க, நம்ம ஆளுங்களும் கூச்சப்பட்டு காட்ட மாட்டாங்க. அதனால வீட்டுல ஒரு பொம்பளை பாக்கறதுதான் முதல் பரிசோதனை. ஆனா ஒண்ணு, தேடிக் கிடைக்கலன்னா நோய் இல்லன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க.

தாலுகா_டாக்டர்:
நர்ஸ் சிஸ்டர் சொன்னதுல ஒரு வார்த்தை கூட மாத்த வேண்டியதில்ல. நான் அரசு ஆஸ்பத்திரியில பொது மருத்துவம் பாக்கறேன், மழை முடிஞ்சு பனி ஆரம்பிக்கற சீசன்ல எங்களுக்கு வர்ற நீண்ட காய்ச்சல் கேஸ்ல இது ரொம்ப சகஜம். ஆகஸ்ட் செப்டம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் எட்டு நாள் காய்ச்சல், பிளேட்லெட் குறைவு, கல்லீரல் என்சைம் ஏத்தம், கூட இருமல்னு ஒருத்தர் வந்தா ஸ்கரப் டைபஸ்னு நெனச்சுத்தான் ஆரம்பிக்கணும்.

வைடால் பத்தி சொல்லிடறேன். நம்ம ஊர்ல வைடால் ஒரு தடவை எடுத்து பாசிட்டிவ்னு வந்தா டைபாய்டுன்னு அர்த்தம் கிடையாது. முன்னாடி எப்பவோ வந்த டைபாய்டு, தடுப்பூசி, வேற காய்ச்சல் எதுக்கு வேணா அது ஏறும். டைபாய்டை உறுதி பண்ணணும்னா ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் (ரத்தத்துல இருக்கற கிருமியை வளர்த்துப் பாக்கற டெஸ்ட்) எடுக்கணும், அதைப் பெரும்பாலும் யாரும் எடுக்கறதில்ல. டெங்குவும் எட்டாவது நாள் 103 அடிக்கறது அபூர்வம், சாதாரணமா ஆறு ஏழு நாளுக்குள்ள காய்ச்சல் விட்டுடும்.

செஃப்ட்ரையாக்சோன் ஏன் கேக்கலன்னா, இந்த நோயை உண்டாக்கற ஓரியன்ஷியா சுட்சுகாமுஷின்ற கிருமி நம்ம செல்லுக்கு உள்ளயே போய் குடியிருக்கற ஜாதி. பென்சிலின், செஃப்ட்ரையாக்சோன் வகை மருந்தெல்லாம் கிருமியோட செல் சுவரை உடைச்சுத்தான் வேலை செய்யும், இதுக்கு அந்த மாதிரி சுவரும் சரியா கிடையாது, அந்த மருந்து செல்லுக்குள்ள போறதும் கம்மி. எவ்வளவு விலை உயர்ந்த ஊசி போட்டாலும், மெரோபெனம் போட்டாலும் இதே கதைதான். இதுக்கு கேக்கற மருந்து டாக்சிசைக்ளின், சுருக்கமா டாக்சின்னு சொல்லுவோம், ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கிடைக்கற சாதாரண மாத்திரை. பெரியவங்களுக்கு 100 மி.கி. காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, 7 நாள். அது ஒத்துக்காதவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அசித்ரோமைசின் 500 மி.கி. தினம் ஒண்ணு, 5 நாள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வழிகாட்டுதல்லயே இதுதான் இருக்கு.

இப்ப டெஸ்ட். ஸ்கரப் டைபஸ் ஐஜிஎம் எலைசான்னு கேளுங்க, ரத்தத்துல இந்தக் கிருமிக்கு எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கான்னு பாக்கற டெஸ்ட், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலயும் மெடிக்கல் காலேஜ்லயும் எடுக்கறாங்க. முதல் அஞ்சு நாளைக்குள்ள எடுத்தா நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம், உங்க அம்மாவுக்கு எட்டு நாள் ஆயிடுச்சு, பிரச்சனை இல்ல. பழைய வெயில் ஃபெலிக்ஸ் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ்னு சொன்னா அதை நம்பாதீங்க, பாதி கேஸுக்கு மேல தவற விடும். ஆனா ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும்னா அது வரைக்கும் மருந்து ஆரம்பிக்காம உக்காந்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்த நிமிஷமே ரத்தம் எடுத்துட்டு டாக்சியை ஆரம்பிச்சுடணும், நான் பெரிசா அழுத்திச் சொல்ல விரும்பறது இது ஒண்ணுதான். டாக்சி ஆரம்பிச்சு 48 மணி நேரத்துல காய்ச்சல் இறங்கறதே பெரும்பாலும் நோயை உறுதி பண்ணிடும். இறங்கலன்னா வேற நோய் இருக்கான்னு திரும்ப யோசிக்கணும்.

அம்மாவுக்கு இருமல் வந்திருக்குன்றதுதான் எனக்கு கவலையா இருக்கு. இது உடம்பு பூரா இருக்கற சின்ன ரத்தக் குழாய்களைத் தாக்கற நோய், ரெண்டாவது வாரத்துல நுரையீரல், சிறுநீரகம், மூளைன்னு எங்க வேணா இறங்கும். அண்ணனை பல்ஸ் ஆக்சிமீட்டர் வச்சு பாக்கச் சொல்லுங்க, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடறாங்கன்னு எண்ணச் சொல்லுங்க. ஆக்சிஜன் 94க்கு கீழ, மூச்சு 24க்கு மேல, பேச்சு குழம்பறது, ஒண்ணுக்கு போறது குறையறது, பிரஷர் 100க்கு கீழ, இதுல ஒண்ணு இருந்தாலும் கிளினிக் வேண்டாம், 108ல ஏத்தி நேரா மெடிக்கல் காலேஜ். அந்த நிலைமையில மெட்ஃபார்மினையும் நிறுத்திட்டு இன்சுலின் போடுவாங்க, பயப்பட வேண்டாம்.

ஆரணி_பையன்:
டாக்டர் சார், மரியாதையோடவே ஒரு மாற்றுக் கருத்து சொல்றேன். எங்க பார்த்தாலும் ஆன்டிபயாட்டிக்கை கண்டபடி கொடுக்காதீங்க, டெஸ்ட் இல்லாம கொடுக்காதீங்கன்னு சொல்றாங்க, இங்க டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிங்கன்னா அதுவும் தப்பான பழக்கத்துக்குத்தானே போகும்? எங்க ஊர்ல மெடிக்கல் ஷாப்லயே காய்ச்சல்னா அசித்ரோமைசின் மூணு மாத்திரை தூக்கிக் கொடுத்துடறாங்க. அப்புறம் டாக்சி வயித்தைப் புண்ணாக்கும், சின்னப் பசங்களுக்கு கொடுத்தா பல்லு மஞ்சளாயிடும்னும் சொல்றாங்களே. என் அக்கா பையனுக்கு 6 வயசு, போன வருஷம் இதே நோய்னு சொல்லித்தான் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார், நாங்க பயந்துக்கிட்டே கொடுத்தோம்.

தாலுகா_டாக்டர்:
நல்ல கேள்வி தம்பி. ஆன்டிபயாட்டிக்கை கட்டுப்படுத்தணும்னு சொல்றதை நான் முழுசா ஏத்துக்கறேன். ஆனா இங்க நடக்கறதைப் பாருங்க, அந்த அம்மாவுக்கு நாலு நாளா ஆன்டிபயாட்டிக் போயிக்கிட்டுத்தான் இருக்கு, அதுவும் தேவையில்லாத பெரிய ஊசி. நான் சொல்றது யோசிச்சு, உடம்பைப் பாத்து, ரத்தம் எடுத்து வச்சுட்டு, எந்த நோய்னு ஒரு கணக்கு போட்டு, அதுக்கு நேரா கேக்கற ஒரே மருந்தைக் கொடுக்கறது. கடைக்காரர் மூணு மாத்திரை கொடுக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த மூணு நாள் அசித்ரோ என்ன பண்ணும்னா காய்ச்சலை அரைகுறையா அமுக்கும், டாக்டருக்கு படமும் குழம்பிடும். அதைவிட மோசம் காய்ச்சலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பறது, ஒரு நாள் தெம்பா இருக்கும், உள்ள நோய் முத்திக்கிட்டே போகும். சிப்ரோ, ஆஃப்ளாக்சசின் வகையும் இதுக்கு நம்பி கொடுக்கற மருந்து இல்ல.

பல்லு விஷயம் பழைய டெட்ராசைக்ளின் காலத்துல இருந்து வர்ற பயம். ஒரு வாரம் மாதிரி கொஞ்ச நாளைக்கு டாக்சி கொடுத்தா பல்லு கறையாகறதில்லன்னு இப்ப தெளிவாயிடுச்சு, 45 கிலோவுக்கு கீழ இருக்கற பசங்களுக்கு எடைக்கு தகுந்த மாதிரி ஒரு கிலோவுக்கு 4.5 மி.கி. ஒரு நாளைக்கு, ரெண்டா பிரிச்சு. அந்த டாக்டர் சரியாத்தான் பண்ணியிருக்கார். வயிறு எரியும்ன்றது நிஜம், அதுக்கு வழி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பெரிய டம்ளர் தண்ணியோட விழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்காம உக்காந்திருக்கணும். ராத்திரி மாத்திரையைப் போட்டுட்டு உடனே படுத்தா உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு புண்ணாயிடும். பாலோட, ஜெலுசில் மாதிரி மருந்தோட, இரும்புச் சத்து மாத்திரையோட சேத்துப் போடக் கூடாது, ரெண்டு மணி நேரமாவது தள்ளிப் போடணும்.

முத்திப் போனவங்களுக்கு ஒரே மருந்து போதுமான்ற கேள்விக்கும் இந்தியாவுலயே பதில் கண்டுபிடிச்சிருக்காங்க. வேலூர் சிஎம்சி முன்ன நின்னு நாட்டுல பல ஆஸ்பத்திரிகள்ல சேர்ந்து நடத்தின இன்ட்ரெஸ்ட் ஆய்வு 2023ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ல வந்துச்சு. கடுமையான ஸ்கரப் டைபஸ் நோயாளிங்களுக்கு டாக்சி மட்டும், அசித்ரோ மட்டும், ரெண்டும் சேர்த்துன்னு மூணு பிரிவா ஊசி வழியா கொடுத்துப் பாத்தாங்க. இறப்பு, ஏழாவது நாள்லயும் தீராத சிக்கல், அஞ்சாவது நாள்லயும் விடாத காய்ச்சல், இது மூணையும் சேத்து எண்ணினப்போ ரெண்டும் சேத்து கொடுத்தவங்கள்ல 33 சதவீதம், ஒரே மருந்து கொடுத்தவங்கள்ல 47, 48 சதவீதம். இறப்பை மட்டும் தனியா பாத்தா மூணு பிரிவுலயும் பெரிய வித்தியாசம் இல்ல, அதையும் சொல்லிடணும். அதுக்கப்புறம் ஐசியு கேஸ்னா நாங்க ரெண்டையும் சேத்தே ஆரம்பிக்கறோம். ஆனா ஐசியு போறதுக்கு முன்னாடியே மாத்திரையா கொடுத்திருந்தா அந்தப் பேச்சே வராது.

போளூர்_பொண்ணு:
எல்லாருக்கும் கை எடுத்துக் கும்பிடறேன். நேத்து ராத்திரி டாக்டர் சொன்ன மாதிரி அண்ணன் மூச்சை எண்ணினார், 28 இருந்துச்சு, ஆக்சிஜன் 92. உடனே 108க்கு போன் பண்ணி மெடிக்கல் காலேஜ்ல சேத்துட்டோம். அண்ணி வீட்டுலயே உடம்பு பூரா பாத்தாங்க, ஒண்ணும் கிடைக்கல, அங்க டாக்டரம்மாவும் திரை போட்டு தலையில இருந்து கால் வரைக்கும் பாத்தாங்க, அவங்களுக்கும் எந்தப் பொருக்கும் கிடைக்கல. ஆனா ஏரிக்கரை வேலைன்னு சொன்னதுமே அவங்க வேற எதுவும் கேக்கல, ரத்தம் எடுத்துட்டு டாக்சி, அசித்ரோ ரெண்டுமே ஊசியில ஆரம்பிச்சுட்டாங்க. எக்ஸ்ரேல ரெண்டு பக்கமும் நெஞ்சுல வெள்ளையா இருக்காம், மாஸ்க்ல ஆக்சிஜன் வச்சிருக்காங்க. நானும் பஸ் பிடிச்சு வந்துட்டேன். மத்த விஷயம் அப்புறம் எழுதறேன்.

சுகாதார_ஆய்வாளர்:
தங்கச்சி, சரியான நேரத்துல கொண்டு போயிட்டீங்க. அம்மா தேறி வரட்டும். அங்க இருக்கற பரபரப்புல உங்களுக்கு இதைப் படிக்க நேரம் இருக்காது, ஆனா அதே ஏரிக்கரையில வேலை செஞ்ச மத்தவங்களுக்காக எழுதறேன், அண்ணன்கிட்ட சொல்லி ஊர்ல சொல்லச் சொல்லுங்க.

முதல்ல, உங்க கிராமத்துல ரெண்டு கேஸ்னா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு தகவல் கொடுங்க. காய்ச்சல் முகாம் போடுவாங்க, அந்த வேலைக்குப் போனவங்கள்ல யாருக்கு காய்ச்சல் இருக்குன்னு பாப்பாங்க. இது ஆளுக்கு ஆள் ஒட்டாது, அம்மாவோட தட்டு டம்ளரைத் தனியா வைக்க வேண்டாம், கூட இருக்கறவங்களுக்கு மருந்தும் வேண்டாம். இதுக்கு தடுப்பூசி இன்னும் வரல. ஆனா ஒரே இடத்துல வேலை செஞ்சவங்களுக்கு ஒரே மாதிரி ஆபத்து இருக்கு.

அந்த உண்ணிக் குஞ்சு என்ன பண்ணும்னா புல்லோட நுனியில ஏறி உக்காந்திருக்கும், எலியோ மனுஷனோ உரசிக்கிட்டு போனா ஒட்டிக்கும், துணி இறுக்கமா இருக்கற இடத்துக்கு ஏறிப் போய்த்தான் கடிக்கும், அதான் இடுப்பு, அக்குள்னு வருது. ஒட்டின உடனே கடிச்சிடாது, கொஞ்ச நேரம் உடம்புல சுத்தும், அதனால வேலை முடிஞ்சு வந்த கையோட சோப்பு போட்டு தேச்சுக் குளிச்சு, போட்டிருந்த துணியை சுடுதண்ணியில அலசினா பாதி ஆபத்து போயிடும். நம்ம ஆளுங்க செய்யறது என்னன்னா அதே புடவையோட வந்து அடுப்பு பத்த வச்சு சமைச்சு முடிச்சு ராத்திரிதான் குளிப்பாங்க. அவங்களைக் குறை சொல்லல, வீட்டு வேலையை யார் பாக்கறது? வீட்டு ஆம்பளைங்க அன்னைக்கு ஒரு அடுப்பைப் பாத்துக்கிட்டா இது நடக்கும்.

வேலைக்கு முழுக்கை சட்டை மேல போட்டுக்கிட்டு, கால்ல பழைய ஷூவோ சாக்ஸோ போடுங்க. டீட் இருக்கற பூச்சி விரட்டி கிடைச்சா கை கால்ல தடவலாம். புல்லு மேல நேரா உக்காந்து சாப்பிடாதீங்க, ஒரு தார்ப்பாய் விரிங்க, துவைச்ச துணியை புதர் மேல காயப் போடாதீங்க, குழந்தைக்கு தூளி கட்டறதுன்னா புதர் ஓரமா கட்டாதீங்க. வீட்டைச் சுத்தி புதரை வெட்டி எலி வளையை அடைக்கணும், வைக்கோல் போர், விறகுக் குவியலை சுவரை ஒட்டி வைக்காதீங்க. சிலர் மருந்துக் கடையில டாக்சி வாங்கி முன்கூட்டியே போட்டுக்கலாமான்னு கேக்கறாங்க, ராணுவத்துல, அந்த மாதிரி இடத்துக்கு கொஞ்ச நாள் போறவங்களுக்கு வாரம் ஒரு தடவைன்னு கொடுக்கற வழக்கம் உண்டு, வருஷம் பூரா அங்கயே வாழற நம்மளுக்கு அது சரிப்படாது.

போளூர்_பொண்ணு:
ரெண்டாவது நாள் சாயங்காலமே காய்ச்சல் 100க்கு வந்துச்சு, மூணாவது நாள் காலையில இருந்து சுத்தமா இல்ல. எலைசா பாசிட்டிவ்னு அதுக்கப்புறம்தான் ரிப்போர்ட் வந்துச்சு. ஆக்சிஜன் எடுத்துட்டாங்க, பிளேட்லெட் 1,40,000, நேத்து ரசம் சாதம் கேட்டு சாப்பிட்டாங்க. நாளைக்கு டிஸ்சார்ஜ்னு சொல்றாங்க. ஏரிக்கரை வேலைக்கு வந்த இன்னொரு அக்காவுக்கும் காய்ச்சல்னு அண்ணன் சொன்னார், அவங்களை நேரா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கூட்டிட்டுப் போயிருக்காங்க.

டாக்டர், மூணு சந்தேகம். அம்மாவுக்கு ஒரு காது சரியா கேக்கலன்னு சொல்றாங்க, அது மருந்தாலயா? எலைசாவை திரும்ப எடுத்து நெகட்டிவ் ஆயிடுச்சான்னு பாக்கணுமா? ஒரு தடவை வந்துட்டா இனிமே வராதா?

தாலுகா_டாக்டர்:
ரொம்ப சந்தோஷம்மா. காது மந்தமாகறது இந்த நோயிலேயே வரும், சில பேருக்கு அதுதான் நோயைக் காட்டியே கொடுக்கும், பெரும்பாலும் சில வாரத்துல சரியாயிடும். ஆனாலும் டிஸ்சார்ஜுக்கு முன்னாடி அங்கயே காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, அசித்ரோவாலயும் அபூர்வமா வரும்ன்றதால அவங்ககிட்ட என்ன மருந்து போச்சுன்னும் சொல்லுங்க.

எலைசாவை திரும்ப எடுக்காதீங்க, காசு தண்டம். ஐஜிஎம் பல மாசம் பாசிட்டிவாவே காட்டும், அதைப் பாத்து நோய் இன்னும் இருக்குன்னு யாராவது திரும்ப மருந்து எழுதிடுவாங்க. அதே காரணத்துக்காக அடுத்த சில மாசத்துல அம்மாவுக்கு வேற காய்ச்சல் வந்து எலைசா பாசிட்டிவ்னு வந்தா டாக்டர்கிட்ட இந்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்க, டெங்குவோ வேற எதுவோ இதுக்குப் பின்னாடி மறைஞ்சிடக் கூடாது.

திரும்ப வருமான்னா, வரும். இந்தக் கிருமியில கார்ப், கில்லியம், கேட்டோன்னு பல வகை இருக்கு, ஒண்ணுக்கு வந்த எதிர்ப்பு இன்னொண்ணுக்கு முழுசா உதவாது, அதே வகைக்கும் காலப்போக்குல எதிர்ப்பு குறைஞ்சிடும். அதனால ஆய்வாளர் சார் எழுதினது அம்மாவுக்கும் பொருந்தும். வீட்டுக்கு எழுதிக் கொடுக்கற மாத்திரையை காய்ச்சல் விட்டுடுச்சேன்னு பாதியில நிறுத்தாதீங்க. சுகரை ஒரு வாரத்துக்கு காலையில வெறும் வயித்துல பாருங்க, மெட்ஃபார்மினை எப்ப திரும்ப ஆரம்பிக்கறதுன்னு கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) ரிப்போர்ட்டைப் பாத்து அவங்களே சொல்லுவாங்க, நீங்களா ஆரம்பிக்காதீங்க.